மூன்று ஸ்டட்டுகளும் என் வாயும்

அப்போது எங்கள் கொடைக்கானல் டாக்ஸி ஸ்டாண்டில் கார்கள் பதினான்கு, மெக்கானிக்குகள் பதினைந்து பேர். கார் ஓட்டிய பதினான்கு பேரும், எதிரே டீக்கடை வைத்திருந்தவரும். இது போக, உண்மையான மெக்கானிக் ஒருவர் ஊருக்குள்ளேயே மூஞ்சிக்கல்லில் தகரக் கொட்டகை போட்டிருந்தார். அவரை நாங்கள் கணக்கில் சேர்த்துக்கொள்வதில்லை.

இலங்கையில் தேயிலை பேக்டரி எஞ்சினைப் பார்த்துக்கொண்டிருந்தவர். அங்கே வேண்டாம் என்று அனுப்பிவைக்கப்பட்ட குடும்பங்களோடு கப்பலேறி, ரயிலேறி, எழுபதுகளின் நடுவில் கொடைக்கானலுக்கு வந்து சேர்ந்தார். என் வயதுதான் இருக்கும். அவருடைய தாத்தாவுக்குத் தாத்தா திண்டுக்கல் பக்கத்திலிருந்து போனவராம். இருந்தாலும் ஸ்டாண்டில் அவர் பெயர் ‘சிலோன்காரர்’தான். மலைச்சரிவில் இருக்கும் அடுக்கம் கிராமத்துக்காரர் வந்து ஆறே மாதத்தில் கொடைக்கானல்காரர் ஆகிவிடுவார். இவருக்கு அந்தச் சலுகை கிடையாது.

என் கார் கறுப்பு நிறம். ஊருக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்கார வாத்தியாரிடமிருந்து வந்தது. அதற்கு நான் செய்த மரியாதையை என்னைப் பெற்றவர்களுக்குச் செய்திருந்தால் புண்ணியமாவது கிடைத்திருக்கும். எங்கள் ஸ்டாண்டில் ஒரு முறை உண்டு. மாதத்துக்கு ஒரு தடவையாவது ஆள் ஏற்றிக்கொண்டு பழனிக்கு இறங்குவோம். அடிவாரத்தில் சவாரியை இறக்கிவிட்டதும், பானெட்டைத் திறந்து சூடம் காட்டி, எஞ்சின் மேலேயே தேங்காயை உடைப்போம். மற்ற ஊர்க்காரர்கள் சக்கரத்துக்கு முன்னால் தரையில் உடைப்பார்கள். எங்களுக்கு அது போதாது. மலையேறும் வண்டிக்கு நெஞ்சு குளிர வேண்டும் என்பது ஸ்டாண்டின் மூத்த டிரைவர் கண்டுபிடித்த சாஸ்திரம். தேங்காய்த் தண்ணீர் எஞ்சின் தலையில் வழியும். அதன்மேல் ஒரு கரண்டி பஞ்சாமிர்தம் வைப்போம். நான் பக்தியில் கொஞ்சம் கூடுதல், இரண்டு கரண்டி வைப்பேன்.

மறுநாள் காலையில் எறும்புகள் சாரிசாரியாக பானெட்டுக்குள் போய்க்கொண்டிருக்கும். “என்னங்க இது, கார்ல எறும்பு புத்து வச்சிருக்கா?” என்று என் மனைவி கேட்பாள். லட்சுமி கடாட்சம் என்று சொல்லி அவள் வாயை அடைப்பேன்.

ஒரு பிப்ரவரியில், பெருமாள்மலைக்கு மேலே ஏறும்போது எஞ்சின் இட்லிச் சட்டி மாதிரி ஆவி விட்டது. ஹெட் கேஸ்கெட் போய்விட்டது. எஞ்சின் தலையைக் கழற்றி, அடியில் இருக்கும் அந்தத் தகட்டை மாற்ற வேண்டும். தலையை உடம்போடு சேர்த்துப் பிடித்திருப்பவை பதினொரு ஸ்டட்டுகள். ஸ்டட் என்றால் இரண்டு முனையிலும் திருகு மறை போட்ட இரும்புத் தண்டு. கீழ் முனை எஞ்சின் பிளாக்குக்குள் இறங்கியிருக்கும், மேல் முனையில் நட்டு இருக்கும். நட்டைக் கழற்றினால் தலை வந்துவிடும். காரை வீட்டு முற்றத்துக்குக் கட்டி இழுத்து வந்து, அவ்வளவுதானே என்று நானே ஸ்பானரை எடுத்தேன். எட்டு நட்டுகள் வந்தன. பின்பக்க ஓரத்தில் மூன்று அசையவில்லை.

செய்தி ஸ்டாண்டுக்குப் போயிற்று. என்னைத் தவிர மீதிப் பதினான்கு மெக்கானிக்குகளும் வந்தார்கள். ஒருவர் மண்ணெண்ணெய் ஊற்றச் சொன்னார், ஒருவர் பிரேக் ஆயில். டீக்கடைக்காரர் எலுமிச்சம்பழம் பிழிந்தார். மூத்த டிரைவர் தைலக்குப்பியோடு வந்து, “யூகலிப்டஸ் தைலத்துக்கு அசையாதது இந்த மலையில ஒண்ணும் கெடையாது” என்றார். ஒரு வாரத்தில் கார் சளி பிடித்த நோயாளி மாதிரி மணத்தது. ஸ்டட்டுகள் அப்படியே இருந்தன. பொறுமை போய், ஸ்பானரில் மூன்றடிக் குழாயைச் செருகி முழு உடம்பையும் கொடுத்து அழுத்தினேன். ‘டக்’ என்று ஒரு சத்தம். நட்டு கழன்றுவிட்டது என்று ஒரு நொடி சந்தோஷப்பட்டேன். நட்டோடு ஸ்டட்டின் மேல்பாதியும் கையில் இருந்தது.

அன்று சாயங்காலம் ஸ்டாண்டில், “எப்படிடா ஒடிஞ்சிச்சு?” என்று மூத்த டிரைவர் கேட்டார். பதில் சொல்ல நான் யோசிக்கவே இல்லை. நாலு வருடத்துக்கு முன் வால்வு வேலைக்காக இதே ஹெட்டைக் கழற்றி மாட்டியவர் சிலோன்காரர்.

“அந்தாளு அன்னைக்கே கண்ணு மண்ணு தெரியாம இறுக்கிட்டாருண்ணே. டீ பேக்டரி மிசினுன்னு நெனச்சிட்டாரு. ஸ்டட்டு உயிர் போயி நாலு வருசம் ஆச்சு, இன்னைக்குத்தான் ஒடிஞ்சிருக்கு.”

ஒரு டீ குடித்து முடிக்கும் நேரம்தான். பதினான்கு பேரும் தலையாட்டினார்கள். ஒருவருக்கு அவர் கார் கிளட்ச் நினைவு வந்தது, இன்னொருவருக்கு டைனமோ. எல்லாம் அந்தக் கொட்டகையில் போனதுதான் என்று முடிவாயிற்று. அடுத்த வாரத்திலிருந்து மூஞ்சிக்கல் கொட்டகையில் ஸ்டாண்டுக் கார் ஒன்றுகூட நிற்கவில்லை.

வத்தலக்குண்டிலிருந்து ஒரு மெக்கானிக்கை வரவழைத்தேன். பானெட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, பிளாக்கையே மாற்றிவிடு என்றார். சீசனுக்கு மூன்று வாரம்கூட இல்லை. சீசன் இரண்டு மாதம் ஓட்டினால்தான் எங்கள் வீட்டில் வருடம் ஓடும்.

“அவர்கிட்டயே போய்க் கேளுங்க” என்றாள் மனைவி.

“எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு?”

“இருக்கறது ஒண்ணுதான. அதையே கொண்டு போங்க.”

போனேன். கொட்டகை காலியாக இருந்தது. ஸ்டவ் பர்னருக்கு ஊசி குத்திக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். நான் என்னென்னவோ சுற்றி வளைத்தேன். அவர் நடுவில் நிறுத்தினார்.

“அண்ணே, ஸ்டாண்டுல நீங்க கதைச்சதெல்லாம் எனக்கு வந்து சேர்ந்துருச்சு. கார நான் பாத்துத் தாரேன். ஒரு பேச்சு மட்டும் வேணும். ஸ்டட்டு என் கையால போயிருந்தா நான் கொட்டகைய மூடிர்றேன். என் கையால போகலைன்னா, எந்த எடத்துல சொன்னீங்களோ அதே எடத்துல, எல்லாருக்கும் முன்னால நீங்க அத சொல்லணும். எனக்கு இந்த ஊர்ல இருக்கறது இந்தக் கை ஒண்ணுதாங்க.”

சரி என்றேன். அவர்தான் இறுக்கினார் என்று நானே நம்ப ஆரம்பித்திருந்ததால், தைரியமாகவே சரி என்றேன்.

மறுநாள் காலை, தீயைப் பீய்ச்சும் ஒரு ப்ளோ லாம்ப், இரண்டு மெழுகுவர்த்தி, ஒரு சின்ன சுத்தியலோடு வந்தார். மெழுகுவர்த்தியைப் பார்த்ததும், இவர் எஞ்சினுக்கு ஜெபம் பண்ணப் போகிறார் என்று நினைத்தேன். பெட்ரோல் லைனைக் கழற்றி ஒதுக்கி, பானெட்டை எடுத்து வெளியே சாய்த்துவைத்து, எஞ்சினைத் துணியால் துடைத்தார். நாங்கள் ஊற்றிய தைலமெல்லாம் போகும்வரை துடைத்தார். அதற்கே முற்பகல் ஆயிற்று. பிறகு மீதி இரண்டு நட்டுகளின் தலையிலும் சுத்தியலால் தட்டினார். ஓங்கி அடிக்கவில்லை, கதவு தட்டுகிற மாதிரி தட்டினார். அரை மணி நேரம் தட்டினார்.

“வெரசா ஒரு அடி போட்டா என்ன?” என்றேன்.

“அந்த அடிதான் நீங்க போட்டுட்டீங்களே.”

ப்ளோ லாம்ப் தீயை ஒரு நட்டுக்குக் காட்டினார். இரும்பு நன்றாகச் சூடேறியதும் தீயை எடுத்துவிட்டு மெழுகுவர்த்தியை அதன் அடியில் தொட்டார். மெழுகு உருகி, உறிஞ்சப்பட்டு, ஸ்டட்டின் இடுக்கில் இறங்கியது. ஆற விட்டார். மறுபடி சூடு, மறுபடி மெழுகு. அப்புறம் ஸ்பானரைப் போட்டு நட்டை இறுக்கினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கழற்றக் கூப்பிட்டால் இறுக்குகிறாரே என்று வாயைத் திறந்தேன்.

“மொதல்ல ஒரு மயிரிழ இறுக்கணும்ணே. துரு ஒடையும். அப்புறம்தான் கழட்டணும்.”

இறுக்கினார், தளர்த்தினார், இறுக்கினார். மூன்றாம் தடவை கிறீச்சென்று ஒரு சத்தம். நட்டு சுற்றியது. அடுத்ததும் அப்படியே வந்தது. நான் குழாய் போட்டுத் தொங்கியது அவர் மணிக்கட்டில் வந்தது.

அடுத்த நாள் மூன்று ஸ்டட்டுகளையும் சுற்றி ஹெட்டின் துவாரங்களைச் சூடாக்கினார். தீ காட்டிக் கொஞ்ச நேரம் இருக்கும், ஒரு வாசனை வந்தது. முதலில் வெல்லம் காய்கிற வாசனை. பிறகு ஏலக்காய். அப்புறம் லேசாகப் பச்சைக் கற்பூரம். என் வீட்டு முற்றம் முழுக்கப் பழனி அடிவாரம் மாதிரி மணத்தது. அடுப்படியிலிருந்து மனைவி வெளியே வந்தாள். மூக்கை உறிஞ்சினாள். காரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். திரும்பி அடுப்படிக்கே போனாள்.

ஹெட்டைத் தட்டித் தட்டித் தூக்கினார். மூன்று ஸ்டட்டுகளையும் சுற்றி, தார் மாதிரி கறுப்பாக ஏதோ இறுகியிருந்தது. இரும்பு அறுக்கும் ஆக்சா பிளேடு நுனியால் சுரண்டி, செய்தித்தாளில் போட்டு என்னிடம் நீட்டினார். துருவும் சீனியும் சேர்ந்த கட்டி. அதற்குள் ஒரு தேங்காய்ச் சிரட்டைச் சில்லு இருந்தது.

“தேங்காய நீங்க எஞ்சின்ல எந்தப் பக்கம் ஒடைப்பீங்க?” என்று கேட்டார்.

நான் பின்பக்க ஓரத்தைக் கையால் காட்டினேன்.

“இத நான் வைக்கலைங்க” என்றார். குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தித் தப்பித்திருப்பேன்.

ஒடிந்து நின்ற ஸ்டட்டின் நடுவில் மூன்றாம் நாள் துளை போட்டார். துளை ஒரு பக்கம் சாய்ந்தால் பிளாக்கின் மறை போய்விடும், எஞ்சினும் போய்விடும். அவர் துளை போட்ட நேரம் முழுக்க நான் பேசவில்லை. என் வாழ்க்கையில் அது அபூர்வம். துளைக்குள் அரத்தின், கைப்பிடிக்குள் போகும் கூர்வாலை அடித்து இறக்கி, ஸ்பானரால் பிடித்துத் திருப்பினார். உடைந்த துண்டு திருகிக்கொண்டே மேலே வந்தது. அதன் கீழ் மறை புதுசாகப் பளபளத்தது. இறுக்கிக் கெடுத்த மறை அப்படி இருக்காது. அது எனக்கே தெரிந்தது.

வாக்குக் கொடுத்தபடி அன்று சாயங்காலமே ஸ்டாண்டுக்குப் போனேன். அவரையும் கூப்பிட்டேன், அவர் வரவில்லை. செய்தித்தாளைப் பிரித்து, கட்டியையும் சில்லையும் காட்டி, நடந்ததைச் சொன்னேன். தப்பு என்னுடையது, அவர் மேல் நான் பழி போட்டேன் என்றேன்.

மூத்த டிரைவர் கட்டியை முகர்ந்து பார்த்தார். பிறகு, “ஏலே, முருகன் பிரசாதத்துல இரும்பு துருப்பிடிக்குமா?” என்றார்.

“காட்டுறேன்லண்ணே.”

“என்னத்தக் காட்டுற? பனி. இந்த ஊரு பனிக்கு எந்த இரும்புதான் நிக்கும்? அவரு சோலி ஆகணும்னு உனக்கு எதையோ சொல்லியிருக்காரு, நீயும் தலையாட்டிட்டு வந்து நிக்கிற.”

பதின்மூன்று தலைகள் ஆடின. நான் கறுப்புச் சட்டைக்காரன் ஆகிவிட்டேனா என்று ஒருவர் விசாரித்தார். என் பொய்யை நம்ப அவர்களுக்கு ஒரு டீ போதுமாக இருந்தது. உண்மையை நம்ப வேண்டுமென்றால் ஒவ்வொருவரும் வீட்டுக்குப் போய் அவரவர் பானெட்டைத் திறந்து பார்க்க வேண்டும். அதற்கு அடுத்த நாளும் சொன்னேன், அடுத்த வாரமும் சொன்னேன். சலித்துப்போய் எழுந்து போனார்கள்.

சீசன் நன்றாக ஓடியது, என் கார் ஒரு நாளும் நிற்கவில்லை. கொட்டகைக்கு என் காரைத் தவிர ஸ்டாண்டிலிருந்து வேறு கார் போகவில்லை. மழை தொடங்கும்போது அவர் தகரத்தைப் பிரித்து லாரியில் ஏற்றினார். மன்னவனூர்ப் பக்கம் உருளைக்கிழங்குத் தோட்டங்களில் பம்பு செட்டுகளைப் பார்க்கப் போவதாகச் சொன்னார். நான் ஸ்டாண்டில் எத்தனை தடவை சொன்னேன் என்று கணக்குச் சொல்லத் தொடங்கினேன்.

“நீங்க சொன்னீங்கண்ணே. அது போதும்” என்றார். போதவில்லை என்று இருவருக்கும் தெரியும்.

அதற்கு அடுத்த வருடம் பழனி அடிவாரத்தில் எங்கள் கார்கள் வரிசையாக நின்றன. மூத்த டிரைவர் பானெட்டைத் திறந்தார். தேங்காயைக் கையில் எடுத்தவர், தோளில் கிடந்த துண்டை உருவி எஞ்சின் மேல் நான்கு மூலையும் இழுத்து மூடினார். பக்கத்துக் காரிலும் துண்டு விரித்திருந்தது. அதற்கடுத்த காரில் வாழையிலை. யாரும் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

நான் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு மூத்த டிரைவர் துண்டின் ஓரத்தைச் சரிசெய்தார்.

“என் வண்டியிலயும் ஒரு ஸ்டட்டு புடிச்சுக்கிட்டுக் கெடக்கு” என்றார். “அந்த சிலோன்காரரு இருந்தா ஒரு நாள்ல எடுத்துருவாரு. என்ன கையிடா அது. உன் வாயாலதான்டா அந்த மனுசன் ஊர விட்டே போனாரு.”

அவர் தேங்காயை ஓங்கி உடைத்தார். தண்ணீரெல்லாம் துண்டில் ஊறியது.