நடுச் சுவரில் ஒரு செங்கல்

பக்கத்து வீட்டில் நேற்று வெள்ளையடித்தார்கள். இப்போதெல்லாம் டப்பா பெயின்ட்தானே. இவர்கள் என்னவோ சுண்ணாம்பை நீற்றித் தொட்டியில் கலக்கியிருந்தார்கள். அந்த வாடை வந்ததும் எனக்குப் பசித்தது. சிரிக்காதீர்கள். சுண்ணாம்பு வாடைக்குப் பசிக்கிற ஆளாக என்னை ஆக்கியது, ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற ரோட்டில் இருந்த ஒரு கிராமத்து ஹோட்டல்.

அப்போது ராஜபாளையத்தில் ஓர் இன்ஜினியரிடம் பிளான் வரைந்துகொண்டிருந்தேன். வேலைக்குச் சேர்ந்த புதிது. எந்தக் கட்டடத்தைப் பார்த்தாலும் வயதைச் சொல்லிவிடுவேன் என்று நினைப்பு. இந்த ஹோட்டலின் முன்பக்கம் கீற்றுக் கூரை போட்ட டீக்கடை, அதுதான் ஆதி. அதன் முதுகில் ஓடு வேய்ந்த சாப்பாட்டு அறை. அதற்கும் பின்னால் அடுப்படி. ரோட்டை உயர்த்த உயர்த்த ஹோட்டல் பள்ளத்துக்குப் போய், படியிறங்கித்தான் உள்ளே போக வேண்டும்.

இதெல்லாம் புரிந்தது. புரியாதது, அடுப்படிக்கும் சாப்பாட்டு அறைக்கும் நடுவிலிருந்த சுவரில் ஒரு செங்கல் மட்டும் இல்லாமல் இருந்ததுதான். புகை போகவா? அவ்வளவு தாழ்வாக யார் வைப்பார்கள்? சாம்பார் வாளியும் நுழையாது. கல்லாவில் இருந்த அண்ணாச்சியிடமே கேட்டேன்.

“எலி போட்ட பொந்து தம்பி.”

செங்கல் அளவுக்கு நறுக்காகப் பொந்து போடும் எலி! பொங்கலுக்கு வெள்ளையடிக்கும்போது அதைப் பூசி அடைத்துவிடுவார். சுண்ணாம்பு வாடை போவதற்குள் பொந்து திரும்பத் திறந்திருக்கும்.

ஒருநாள் பாதிச் சாப்பாட்டில் எழுந்தேன். சுவர் பேசியது.

“தம்பி, கொழம்புல உப்புக் கூடிப்போச்சா?”

அண்ணாச்சியின் மனைவி. அதுவரை அந்த மதினியை நான் பார்த்ததில்லை. அவர் சமையலை மட்டும்தான் தெரியும்.

“இல்ல மதினி, வயிறு சரியில்ல.”

“பொறவு அப்பளத்த மட்டும் எப்பிடித் தின்னீய?”

“ஏட்டி, உள்ள போ!” என்று கல்லாவிலிருந்து சத்தம் வந்தது. சாப்பிடுகிறவனைப் பார்த்துக்கொண்டே நின்றால் கண் பட்டுவிடும், பிறகு கடைக்கு எவன் வருவான் என்பது அண்ணாச்சியின் பயம்.

அடுத்த வருடம் அடுப்படியை இடித்துக் கட்டப்போவதாகச் சொல்லி, என்னையே வரையச் சொன்னார். “நடுச்செவரு கம்பி கட்டி கான்கிரீட்டுல வரணும் தம்பி. ஒரு கல்லக்கூட உருவ முடியக் கூடாது.”

அளவெடுக்கப் போனபோதுதான் மதினியை நேரில் பார்த்தேன்.

“விடிஞ்சதுல இருந்து அடுப்புல வேகுதேன். சாப்பிடுறவுக மொகத்தப் பாக்க வேண்டாமா? அதையும் அடச்சிட்டா நான் யாருக்குன்னு ஒல வைக்க?” என்றார். கண் கலங்கியிருந்தது.

நடுச் சுவரில் ஒரு ஜன்னலை வரைந்து கொண்டுபோனேன். அடுப்பு வெக்கைக்குக் காற்றோட்டம் இல்லையென்றால் தளம் வெடித்துவிடும் என்று பெரிய இன்ஜினியர் மாதிரி அளந்துவிட்டேன். அண்ணாச்சி தாளில் ஜன்னல் இருந்த இடத்தில் விரலை வைத்தார்.

“சன்னல செத்த எறக்கிப் போடுங்க தம்பி,” என்றார். “அவ குட்டை.”

அந்த ஜன்னலில் மதினியின் முகம் தெரிய எத்தனையோ நாள் சாப்பிட்டேன். ஒரு பருக்கை மிச்சம் வைத்ததில்லை. சாலையை அகலப்படுத்தியபோது ஹோட்டல் மொத்தமாகப் போய்விட்டது. அவர்கள் இருவரும் இப்போது இல்லை. பஸ்ஸில் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம், அந்த ஜன்னல் இந்தத் தார் ரோட்டில் எந்த இடத்தில் வரும் என்று கணக்குப் போட ஆரம்பிப்பேன். போட்டு முடிப்பதற்குள் பஸ் தாண்டிவிடும்.