அப்பா திரும்பி வந்ததற்கு ஒரு ஸ்தோத்திர விருந்து

தேங்காய்த் துருவலும் வற்றல் மிளகாயும் மல்லியும் ஒரே உருளியில் சிவந்து வரும்போது எழும்பும் மணம் பசியைக் கிளப்பும் என்பார்கள்; எனக்கு இருக்கிற பசியும் போய்விடும். தொண்ணூறாம் வருஷம், ஐப்பசித் துலா மழைக்கு நடுவே வெயில் அடித்த ஒரு சனிக்கிழமை, குளத்தூரில் எங்கள் வீட்டுப் பின்புறத்தில் அந்த மணம் காலை எட்டு மணிக்கே கிளம்பிவிட்டது. மூன்று அடுப்புகள் எரிந்தன. ஒன்றில் கோழிக்கறிக்குத் தேங்காய் வறுபட்டுக்கொண்டிருந்தது, ஒன்றில் 'சருவம்' நிறையச் சோற்றுக்கு உலை, மூன்றாவதில் பாயசத்துக்குச் சர்க்கரை உருகிக்கொண்டிருந்தது. முற்றத்துப் பந்தலில் பச்சை ஓலை கட்டியாகிவிட்டது. எல்லாரும் சிரித்த முகத்தோடு திரிந்த அந்த வீட்டில் இரண்டு பேர் மட்டும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நடந்துகொண்டிருந்தோம்: அப்பாவும், அப்போது ஆறாம் வகுப்பில் படித்த நானும்.

அப்பா குவைத்தில் ஒரு கட்டடக் கம்பெனியில் லாரி ஓட்டினார். அந்த ஆகஸ்டில் யுத்தம் வந்ததும் கடிதம் நின்றது, தந்தி இல்லை, போன் இல்லை. அம்மா வானொலிச் செய்திக்கு முன்னால் உட்கார்ந்து உட்கார்ந்து, செய்தி வாசிப்பவர் மூச்சு விடுவதைக்கூடக் கேட்கப் பழகியிருந்தாள். அப்பாவின் அக்கா, நாங்கள் 'அப்பச்சி' என்று கூப்பிடுகிறவர், சபையில் எழுந்து நின்று, தம்பி உயிரோடு வந்தால் சொந்தபந்தம் எல்லாரையும் கூட்டி ஸ்தோத்திர ஜெபமும் விருந்தும் வைப்பதாக நேர்ந்துகொண்டார். செப்டம்பரில் ஒரு நாள் மத்தியானம் பாறசாலை ஸ்டேஷனில் பாசஞ்சர் ரயிலிலிருந்து அப்பா இறங்கினார். பாலைவனம் கடந்து, ஜோர்டானில் அகதிக் கூடாரத்தில் கிடந்து, பம்பாய்க்கு விமானம் ஏறி வந்திருந்தார். கையில் ஒரு தோள்பை மட்டும். என்னைத் தூக்கப் பார்த்தார், முடியவில்லை. நான் வளர்ந்ததாலா அவர் மெலிந்ததாலா என்று தெரியாமல் இரண்டு பேரும் ஸ்டேஷனில் நின்று அழுதோம்.

ஆனால் இரண்டு பேர் வர வேண்டிய இடத்தில் ஒருவர்தான் வந்திருந்தார். கடற்கரை ஊரான பொழியூர்க் கடப்புறத்துக்காரரான வின்சென்ட் மாமா அதே கம்பெனியில் வெல்டர். அவர்கள் கத்தோலிக்கர், நாங்கள் புராட்டஸ்டன்ட் மிஷன் சபைக்காரர். ஊரில் இருந்தவரை இரு வீட்டுக்கும் போக்குவரத்து இருந்ததில்லை. குவைத்தில் ஒரே அறையில் ஏழு வருஷம் கிடந்ததில் அவர்கள் அண்ணன் தம்பி ஆகிவிட்டார்கள். அப்பா வந்த மறுநாளே வின்சென்ட் மாமாவின் மனைவி மேரி மாமி மகள் ஷைனியையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். முற்றத்தில் நின்றபடியே கேட்டாள்.

"அண்ணே, அவிய எங்க?"

"வாறான், வாறான். அடுத்த விமானத்துல வருவான்," என்றார் அப்பா.

"சொகமா இருக்காவளா?"

"சொகமாக்கும்."

அதன்பிறகு இரண்டு நாளைக்கு ஒரு முறை அவள் வந்தாள். மீன் விற்று முடித்து, வெறும் கூடையோடு, அதே கேள்வியைக் கேட்பாள். அப்பா அதே பதிலைச் சொல்லுவார். ஒவ்வொரு முறையும் பதில் கொஞ்சம் சுருங்கியது. நான்காவது வாரம், தூரத்தில் அவள் தலை தெரிந்ததும் அப்பா பின்வாசல் வழியாக மரச்சீனித் தோட்டத்துக்குள், மரவள்ளிச் செடி மறைவில், இறங்கிப் போவதை நான் பார்த்தேன்.

அதற்கு முன்பே எனக்கு ஒன்று தெரிந்திருந்தது. அப்பாவின் தோள்பையில் மிட்டாய் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்று துழாவியபோது, பக்கத்துப் பையின் ஜிப்புக்குள் கைக்குட்டையில் சுற்றி ஒரு ஜெபமாலை இருந்தது. கறுப்பு மணிகள், முனையில் சிறிய வெள்ளிச் சிலுவை. எங்கள் வீட்டில் ஜெபமாலைக்கு வேலையே கிடையாது. அதைக் கையில் பிடித்தபடி நான் திரும்பினபோது அப்பா வாசலில் நின்றார். அடிப்பார் என்று நினைத்தேன். அவர் கதவைச் சாத்திவிட்டு என் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தார்.

"மக்கா, இத நீ பாக்கல்ல. கேட்டியா? அம்மைக்கிட்டகூடச் சொல்லப்பிடாது."

அவ்வளவு பெரிய மனிதர் என்னிடம் கெஞ்சினார் என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

விருந்தைத் தள்ளிப்போட அப்பா எவ்வளவோ பார்த்தார். "வின்சென்ட் வரட்டும் அக்கா, பின்ன வைக்கலாம்" என்றார். அப்பச்சி விடவில்லை. "ஆண்டவருட்ட வாக்கு குடுத்தது நானாக்கும். உயிர் கேட்டேன், தந்தாரு. இனி நாள் பாத்துட்டு இரிக்கணுமா?" என்று நாளைக் குறித்துவிட்டார். சரி, அக்கம்பக்கம் மட்டும் போதும் என்று அப்பா இறங்கி வந்தார். அப்போதுதான் அம்மா சொன்னாள்: "மேரியக் கூப்பிடாம இந்த வீட்டுல அடுப்பு பத்தவைக்க மாட்டேன். அவ வந்து நம்மகூட ஜெபிக்கட்டும்." அம்மாவுக்கு உள்விஷயம் எதுவும் தெரியாது.

பதினொரு மணிக்கெல்லாம் பந்தல் நிறைந்தது. சபை உபதேசியார் வந்துவிட்டார். தனுவச்சபுரத்திலிருந்து அம்மாவின் தம்பிமார் குடும்பத்தோடு வந்தார்கள். அப்பாவைக் கட்டிப்பிடித்தவர்களெல்லாம் அவர் மெலிந்துபோனதைச் சொல்லி, இனி தேறிவிடலாம் என்று சிரித்தார்கள். மேரி மாமி வெளுத்த சேலையில் வந்தாள். கையில் வாழையிலையில் பொதிந்த ஒரு நெய்மீன். "விருந்து வீட்டுக்கு வெறுங்கையோட வரப்பிடாதுல்லா," என்று அம்மாவிடம் நீட்டினாள். அம்மா அவளைப் பெண்கள் பக்கத்தில் முதல் வரிசையில் பாய்மேல் உட்காரவைத்தாள். எதிரே, பத்தடி தூரத்தில், நாற்காலியில் அப்பா.

ஷைனி என்னோடு ஒட்டிக்கொண்டாள். என்னைவிட ஒரு வயது இளையவள். கிணற்றுக்கரையில் இலை கழுவும் வேலையை எங்கள் இருவருக்கும் தந்திருந்தார்கள். அவள் ஓயாமல் பேசினாள். அவளுடைய அப்பா வரும்போது என்னென்ன கொண்டுவருவார், யுத்தத்தில் எதை எதைப் பறிகொடுத்திருப்பார் என்று. பிறகு, பெரியவர்கள் சொல்லக் கேட்டதை ஒப்பிப்பதுபோல, "எனக்க அப்பாக்கு ஒண்ணும் வராது. கழுத்துல கொந்தை உண்டு. மாதா பாத்துக்கிடுவா" என்றாள்.

அவர்கள் 'கொந்தை' என்பது ஜெபமாலையைத்தான் என்று எனக்குத் தெரியும்.

"கறுப்பு மணியா?" என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

"ஆமா. வெள்ளிக் குருசு. ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

நான் இலையைத் திருப்பித் திருப்பிக் கழுவினேன். அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "சொல்லு பிள்ளே."

"அது எங்க வீட்டுல உண்டு," என்றேன்.

ஷைனி ஓடவில்லை. ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு, நடந்து, பந்தலுக்குள் போனாள். அவள் தன் அம்மாவின் காதருகே குனிவதை நான் கிணற்றடியில் நின்று பார்த்தேன். மேரி மாமியின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. அவள் தலை முக்காட்டை மட்டும் சரிசெய்துகொண்டாள்.

பாட்டுப் பாடினார்கள். உபதேசியார் சங்கீதம் வாசித்து ஜெபித்தார். பிறகு வழக்கம்போல, ஆண்டவர் செய்த நன்மையைச் சாட்சியாகச் சொல்லும்படி அப்பாவை அழைத்தார். அப்பா எழுந்து நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். பாலைவனத்தில் தண்ணீருக்குப் பட்ட பாட்டைச் சொன்னார். ரொட்டிக்கு வரிசையில் நின்றதைச் சொன்னார். "அப்பிடி ஒரு நாளு எனக்க பேர விளிச்சாவ..." என்று வந்தபோது மேரி மாமி எழுந்து நின்றாள்.

"அண்ணே, அவியளுக்க கொந்தை உங்க கையில எப்பிடி வந்துது?"

அப்பச்சிதான் முதலில் வாய் திறந்தார். "மேரி, இது ஜெபமாக்கும். ஜெபம் முடியட்டும், பின்ன பேசலாம்."

"எனக்கு இப்பத் தெரியணும்," என்றாள் மேரி மாமி.

அப்பா என்னைத் தேடினார். என்னைக் கண்டதும் அவர் கண்ணில் கோபம் எதுவும் இல்லை. ஏதோ ஒரு சுமையை இறக்கிவைக்க இடம் கிடைத்தவர்போல நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார். தரையைப் பார்த்தபடி சொன்னார்.

"கூடாரத்துல அவனுக்குக் கடுமையான காய்ச்சல். ஊசி போட வந்த ஆளு மாலையக் கழத்தச் சொன்னாரு. நான் வாங்கிப் பாக்கெட்டுல போட்டேன். மறுநாளு காலத்த எனக்க பேரு லிஸ்டுல வந்துது, அவனுக்க பேரு இல்ல. பஸ் நிக்குது. அவன் கண்ண மூடிக் கெடந்தான். நான் எழுப்பல்ல."

"எதுக்கு எழுப்பல்ல?"

"எழுப்பினா 'போகாத அண்ணே'ன்னு சொல்லீருவான்னு பயந்தேன். அவன் சொன்னா எனக்குப் போக முடியாது. அதனால எழுப்பல்ல. மாலை பாக்கெட்டுல கெடந்தது விமானம் ஏறின பிறகாக்கும் எனக்கு நெனவு வந்துது."

"மூச்சு இருந்துதா?"

"இருந்துது மேரி. சத்தியமா இருந்துது."

"பின்ன எதுக்கு என்கிட்ட அடுத்த விமானம்னு சொன்னீங்க? நான் ஒரு மாசமா நடக்குதேனே அண்ணே. ஆருகிட்டயாவது போய்க் கேட்டிருப்பேனே. ஆபீசுல போய் விழுந்திருப்பேனே."

அம்மா உள்ளே போய், நான் காட்டிய தோள்பையைத் துழாவி, மாலையைக் கைக்குட்டையோடு கொண்டுவந்து கொடுத்தாள். மேரி மாமி மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். வரிசையாகப் போட்டிருந்த இலைகளை ஒருமுறை பார்த்தாள்.

"இதுக்காக்கும் ஸ்தோத்திரம், இல்லியா?" என்று சொல்லி ஷைனியின் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனாள்.

யாரும் சாப்பிடவில்லை என்று சொல்ல முடியாது. பிள்ளைகள் சாப்பிட்டார்கள். தூரத்திலிருந்து வந்தவர்கள் தலை குனிந்து நாலு வாய் தின்றுவிட்டு எழுந்தார்கள். கோழிக்கறி பாதிக்கு மேல் மிச்சம். அப்பச்சி தூணில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தார். அப்பா செருப்புகூடப் போடாமல் அவர்கள் பின்னால் நடந்தார். பஸ் நிறுத்தத்தில் மேரி மாமி திரும்பியே பார்க்கவில்லை என்றும், பஸ் போன பிறகும் அப்பா அங்கேயே நின்றார் என்றும் பிறகு சொன்னார்கள்.

திங்கட்கிழமை முதல் அப்பா தினமும் திருவனந்தபுரம் போனார். எந்தெந்த அலுவலகம் என்று எனக்குத் தெரியாது; மனுக்களின் நகல்கள் மேசையில் குவிந்தன. மாலையில் வந்ததும் நேரே பொழியூர் போய், அன்று யார் என்ன சொன்னார் என்பதை மேரி மாமியின் வாசலில் நின்று சொல்லிவிட்டு வருவார். அவள் உள்ளிருந்தே கேட்டுக்கொள்வாள். உட்காரச் சொன்னதில்லை. ஒரு நாள் நான் அப்பாவிடம், நான்தான் ஷைனியிடம் சொன்னேன் என்று அழுதேன். "தெரியும் மக்கா," என்றார். "நீ சொல்லலேன்னா நான் இன்னும் மரச்சீனிக்குள்ளதான் ஒளிஞ்சிட்டு இரிப்பேன்."

நவம்பரில் தந்தி வந்தது. வின்சென்ட் மாமா அம்மானில் ஒரு ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து, பம்பாய் வந்திருந்தார். அவரைக் கூட்டிவரப் பாறசாலை ஸ்டேஷனுக்குக் கடப்புறமே திரண்டது, அப்பா போகவில்லை. ஒரு வாரம் கழித்து மேரி மாமியின் தம்பி சைக்கிளில் வந்தான். "ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்லாரும் வரணும்னு சொன்னாவ," என்றான். எதற்கு என்று சொல்லவில்லை.

சண்டைக்கா விருந்துக்கா என்று தெரியாமல்தான் போனோம். கடலுக்கு மிக அருகே, அலை அடிப்பது தரையில் தெரியும் தூரத்தில், ஓடு போட்ட சிறிய வீடு. வின்சென்ட் மாமா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எலும்பும் தோலுமாக இருந்தார். அப்பா வாசலிலேயே நின்றுவிட்டார். "வின்சென்டே..." என்றார்.

"வாங்கண்ணே, இரிங்க," என்றார் அவர். பிறகு, எங்களைப் பார்க்காமல், "நான் ஒறங்கல்ல அண்ணே. முழிச்சிட்டுத்தான் கெடந்தேன். நீங்க கொஞ்ச நேரம் நின்னீங்க. நான் கண்ணத் தொறந்தா நீங்க போகமாட்டீங்கன்னு தெரியும்" என்றார்.

அது நடந்ததா, அப்பாவுக்காக அவர் அந்த நிமிஷத்தில் உண்டாக்கிய பொய்யா, எனக்குத் தெரியாது. அப்பாவும் கேட்டதில்லை.

மேரி மாமி இலை போட்டாள். சோறு, மரச்சீனி, தேங்காய் அரைத்த மீன்குழம்பு. எல்லாருக்கும் பரிமாறி முடித்தும் அப்பா இலையைத் தொடவில்லை. அவள் கையில் கரண்டியோடு அவர் முன்னால் வந்து நின்றாள்.

"எனக்கு இன்னும் மனசு ஆறல்ல அண்ணே. அது ஆறும்போது ஆறும். நீங்க தின்னுங்க."

அப்பா தின்றார். கண்ணீர் சோற்றில் விழ, நிமிராமல், மூன்று முறை வாங்கித் தின்றார். மேரி மாமி ஒவ்வொரு முறையும் கேட்காமலே வைத்தாள்.

மேரி மாமிக்கு மனசு ஆறியதா என்றால், அப்பா இறந்த அன்று எல்லாருக்கும் முந்தி வந்து, அம்மாவின் பக்கத்தில் அடக்கம் முடியும்வரை உட்கார்ந்திருந்தாள் என்பதுதான் எனக்குத் தெரிந்த பதில். வின்சென்ட் மாமா அதற்கு முன்பே போய்விட்டார். இப்போது எங்கள் ஊர்ப்பக்கம் வீட்டில் ஸ்தோத்திர ஜெபம் வைப்பவர்கள் குறைவு. மண்டபம் பிடித்து, பிரியாணியைப் பொட்டலமாகக் கையில் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். யாரும் யாருக்கு எதிரிலும் வெகுநேரம் உட்கார வேண்டியதில்லை.

போன வருஷம் ஷைனி விடுமுறைக்கு வந்திருந்தாள். இருவரும் பொழியூர் போனோம். கடல் ஏறி ஏறி வந்து அந்த வரிசை வீடுகளை ஒவ்வொன்றாகக் கொண்டுபோய்விட்டது. கருங்கல் கொட்டிய கரையில்தான் நிற்க முடிந்தது. ஷைனி செருப்பைக் கழற்றிக் கல்மேல் ஏறி நின்று, அலைக்கு அப்பால் தண்ணீரைக் கைநீட்டிக் காட்டினாள்.

"அந்தா, அங்கினயாக்கும் நமக்கு இலை போட்டிருந்தது," என்றாள்.