இரண்டு சாவிப் பெட்டி

பிஸ்கட் டப்பாவைத் திறந்தால்கூட மூடியில் தேதி எழுதிக் கையெழுத்துப் போடுகிறவர் அவர். மருந்துப் புட்டியும் தப்பாது. "நல்லவேளை, கல்யாணத்தன்னிக்கு என் நெத்தியில தேதி போடாம விட்டாரே" என்று மனைவி சொல்லிச் சிரிப்பாள். அக்கம்பக்கத்தில் அவருக்கு 'சீல்காரர்' என்றே பெயர்.

வேலை அப்படி. பல நாடுகள் சேர்ந்து அமைத்த போர்க்குற்ற நீதிமன்றத்தில் சான்றுப் பொருள்களைக் காக்கும் அறை அவர் பொறுப்பு. சன்னல் இல்லாத நிலவறை. இரும்பு அடுக்குகளில் சாம்பல் நிறப் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் எண் போட்ட பிளாஸ்டிக் சீல். பெட்டிக்கு இரண்டு சாவி, இரண்டு பேரிடம். இருவரும் நின்றுதான் திறக்க வேண்டும். எதற்காகத் திறந்தோம் என்று பதிவேட்டில் எழுதி, இருவரும் கையெழுத்திட வேண்டும். இருபத்திரண்டு வருடத்தில் ஒரே ஒரு தடவை பெட்டி மாற்றி சீலை அறுத்துவிட்டார். "பேசாம புதுசை மாட்டிடுங்க, யாருக்குத் தெரியப்போவுது" என்றார் கூட நின்றவர். இவர் 'என் தவறு' என்று தன் கையாலேயே எழுதி வைத்தார். கண்டித்துக் கடிதம் வந்தது. அதையும் வீட்டில் வந்து சொன்னார்.

பிறகு ஒரு தளபதியின் வழக்கு வந்தது. அவருடைய சிறையில் எழுத்தராக இருந்த ஒருவர், உள்ளே வந்து திரும்பிப் போகாதவர்களின் பெயர்களை ஒரு நோட்டில் எழுதி வைத்திருந்தார். அந்த நோட்டு இருந்த பெட்டியைத் திறந்தபோது நின்ற இருவரில் சீல்காரர் ஒருவர். தளபதிக்கு வேண்டப்பட்ட ஒரு பெரிய நாடு, அந்த வழக்கில் வேலை செய்கிறவர்களும் அவர்கள் குடும்பமும் தன் மண்ணில் கால் வைக்கக் கூடாது என்று பட்டியல் போட்டது. நீதிபதிகள், வழக்கறிஞர்கள் பெயருக்கெல்லாம் கீழே, பதினோராவதாக சீல்காரர் பெயர்.

அந்த நாட்டில்தான் அவர்களுடைய ஒரே மகள் எட்டு மாதக் கர்ப்பமாக இருந்தாள். ரத்தக்கொதிப்பு ஏறி, ஆஸ்பத்திரியில் கிடந்தாள்.

மனைவியின் தம்பி விசா ஏஜென்ட். ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் பேசினான்.

"அத்தான், தூதரகத்துல நம்ம ஆளு இருக்காரு. பெட்டியைத் திறந்தப்ப நான் கூட நின்னேனான்னு சரியா ஞாபகம் இல்லன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. பட்டியல்லேர்ந்து பேரு போயிடும். ரெண்டு பேரும் ஃப்ளைட் ஏறலாம்."

"நின்னேனே மாப்ள."

"யாரு இல்லேன்னா? ஏற்கெனவே ஒரு தடவை பெட்டி மாத்தித் திறந்தவர்தானே நீங்க. இதுவும் அந்த மாதிரின்னு நெனச்சுட்டுப் போறாங்க."

"நான் அப்படிச் சொன்னா அந்த நோட்டு வெத்துக் காகிதம் மாப்ள."

சமையலறை வாசலில் நின்ற மனைவிக்கு அடக்க முடியவில்லை. "எழுதிக் குடுத்துடுங்களேன். புள்ள அங்க தனியா கெடக்கா. அந்த நோட்டுல இருக்கறவங்க யாரும் திரும்பி வரப்போறதில்ல."

அவர் எழுதிக் கொடுக்கவில்லை. மாலையில் மகளே ஃபோன் செய்தாள். "அப்பா வந்தா கொழந்தைக்கும் சீல் குத்திடுவாரும்மா. அங்கேயே இருக்கட்டும்" என்று சிரித்தாள். சிரிப்பு நடுவிலேயே உடைந்தது. சட்டென்று ஃபோனை வைத்துவிட்டாள்.

அவர் சாட்சிக் கூண்டில் ஏறிய அன்று மனைவி பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருந்தாள். தளபதியின் வழக்கறிஞர் பழைய பதிவேட்டைத் தூக்கிக் காட்டினார். "நீங்கள் தவறு செய்யக்கூடியவர் என்று உங்கள் கையெழுத்தே சொல்கிறதே?"

"ஆமாங்க. தப்புப் பண்ணினா எழுதிடுவேன்" என்றார். "இந்தப் பெட்டியில எழுதல. ஏன்னா தப்பு நடக்கல. நான் அங்கதான் நின்னேன்."

வழக்கறிஞர் உட்கார்ந்துவிட்டார். நோட்டு சான்றாக ஏற்கப்பட்டது.

பேத்தி அந்த வாரமே பிறந்தாள், குறைமாதத்தில். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். ஃபோன் திரையில்தான் அவர் பார்த்தார். கட்டைவிரல் அளவுக்கு இரண்டு காலுறை வாங்கி வந்தார். தபாலில் அனுப்ப மாட்டேன், கையில்தான் கொடுப்பேன் என்று ஓர் அட்டைப்பெட்டியில் வைத்து ஒட்டினார். மேலே பதிவேடு மாதிரியே கட்டம் போட்டு, தன் கையெழுத்து ஒன்று, மனைவி கையெழுத்து ஒன்று.

பட்டியல் நீங்கவில்லை; வெளியே வந்தால் திரும்ப உள்ளே விடமாட்டார்கள் என்று மகளும் வரவில்லை. பேத்திக்கு இரண்டு வயதாகும்போது, வேலைக்குக் கிளம்பிச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தவர் கட்டிலில் சாய்ந்தார். அவ்வளவுதான். தீர்ப்புக்கு இன்னும் நான்கு மாதம் இருந்தது.

மகள் குழந்தையோடு வந்தாள். வந்தவர்கள் எல்லாரும் போன பிறகு அலமாரியில் அந்தப் பெட்டியைப் பார்த்துக் கத்தி எடுத்தாள். அம்மா அவள் கையைப் பிடித்தாள்.

"இரு. உங்கப்பா பெட்டி. ரெண்டு பேரு நின்னுதான் திறக்கணும்."

நின்றார்கள். காலுறை பேத்தியின் கால்விரல்களைத் தாண்டி ஏறவில்லை. மூடியில் அவர் போட்டிருந்த கட்டத்தில் அம்மா தேதி எழுதினாள். இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். திறந்த காரணம் என்ற இடத்தில் அம்மா எழுதினாள்: உரியவரிடம் ஒப்படைக்க.