யார் பேரிலும் இல்லாத நிலம்

ஜனவரி, கடைசி ஞாயிறு: பிரேசிலிலிருந்து வந்த கிலோம்போ ஊர்த்தலைவி ஒருவர் கனகசெட்டிக்குளத்தில் மீனவப் பெண்களிடம் பேசினார். மொழிபெயர்த்தவன் நான்.

மார்ச், முதல் வெள்ளி: தம் வீட்டு வாசலில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

மே: அவர் ஊர் கேட்ட கூட்டுப் பட்டா இன்னும் வழங்கப்படவில்லை.

அடிமைத்தளையிலிருந்து தப்பிய ஆப்பிரிக்கர்கள் பிரேசிலில் உருவாக்கிய ஊர்களுக்குக் கிலோம்போ என்று பெயர். அவருடைய மனுக்களைச் சில ஆண்டுகளாகப் போர்த்துகீசியத்திலிருந்து பிரெஞ்சில் பெயர்த்துவந்தேன். அவரை நண்பர் என்று எழுதத் தயங்குகிறேன். நாங்கள் மனுக்களைத் தவிர வேறெதுவும் அதிகம் பேசியதில்லை. எனினும் கொலைச் செய்திக்குப் பின் போர்த்துகீசியத்தில் ஒரு வரியும் படிக்க இயலவில்லை.

ஜனவரிக் கூட்டத்தில் ஒரு பெண் கேட்டார்: “பட்டா யாரு பேர்லம்மா?”

யார் பேரிலும் இல்லை, ஊரின் பேரில். பிரிக்கவோ விற்கவோ முடியாது என்றார் தலைவி.

“அடகும் வெக்க முடியாதா? எங்க வூட்டுக்காரரு கேட்டா மயக்கம் போட்டுடுவாரு!”

நான் பெயர்த்துச் சொன்னதும் தலைவி வாய்விட்டுச் சிரித்தார்.

“முசியே, அந்தம்மா அவ்ளோ நீளமா பேசுது, நீங்க பாதிய முழுங்கிடுறீங்க” என்று இன்னொருத்தி என்னைச் சீண்டினாள். பிரெஞ்சுப் பேராசிரியன் என்பதால் எனக்கு அந்தப் பெயர்.

ஊர் நிலத்தைப் பறிக்கப் பார்ப்பவர்களிடமிருந்து தமக்கு மிரட்டல் வருவதையும் தலைவி சொன்னார். கூடையை ஒதுக்கிவிட்டு ஒரு மூதாட்டி எழுந்தார்.

“அங்க போவாத தாயி. இங்கயே இருந்துடு. மீன் ஆயக் கத்துத் தரோம்.”

அவர் கையைப் பற்றிக்கொண்டு தலைவி சொன்னார்: “நான் இல்லையென்றால் வீடுவீடாகப் போய்த் தனித்தனியே எழுதி வாங்கிவிடுவார்கள்.”

ஏப்ரலில் இறப்புச் செய்தியைச் சொல்ல மறுபடி அங்கே போனேன். கூடைகளுக்கு நடுவே நின்றபடி சொன்னேன்.

“பட்டா வந்துச்சா?” என்றார் மூதாட்டி.

“இல்லைம்மா.”

“அப்ப அங்க யாரு நிக்கறது?”

“அவருடைய மகள்.”

“அவ ஒண்டியாவா?”

எனக்குத் தெரியவில்லை என்றேன். முசியே என்று அன்று யாரும் அழைக்கவில்லை.

நான் இன்னும் செய்யாமல் இருப்பவை:

அப்பெண்களின் பேச்சைப் போர்த்துகீசியத்தில் எழுதி மகளுக்கு அனுப்புதல்.

மனுவில் முதல் கையொப்பம் இட்ட தலைவி இறந்தார் எனக் குறித்தல்.

மகளுடன் யார் யார் நிற்கிறார்கள் என்று கேட்டல்.

பதிலைக் கனகசெட்டிக்குளத்தில் சொல்லுதல்.