ஆரணிக்கும் ஆர்மிக்கும் நடுவே ஒரு கால்

போன வாரம் எங்கள் ஆரணிக்குப் போயிருந்தேன். பெண்கள் பட்டு நெசவாளர் சங்கத்துக்குச் சொந்தமாக ஓர் அறை, அதற்குத் திறப்பு விழா. வாசலில் வாழைமரம், காது கிழிய ஒலிபெருக்கி. ரிப்பன் வெட்டியது என் அண்ணி சகுந்தலா. கத்திரி மொண்ணை. அண்ணி கையாலேயே இழுத்து அறுத்துவிட்டார். இத்தனை வருஷக் கோபம்... பின்னே?

கதை எழுபதுகளின் தொடக்கத்தில் ஆரம்பிக்கிறது. டெல்லியிலிருந்து ஒரு தேசியத் தலைவர் ஆரணிக்கு வந்தார். எந்தத் தலைவர் என்று கேட்காதீர்கள் — சொன்னால், வரும் கடிதங்களைப் பிரிக்கவே நான் ஆள் போட வேண்டியிருக்கும். அவர் ஆங்கிலத்தில் பேசப் பேச, பக்கத்தில் நின்று தமிழில் சொன்னவர் அண்ணி. பெண்கள் பள்ளியில் இங்கிலீஷ் டீச்சர்.

பேச்சில் ஒரு வரி: 'தறியில் உட்காரும் பெண்களையும் சங்கத்தில் உறுப்பினராகச் சேருங்கள்.' உறுப்பினரானால்தான் பட்டுநூல் சொந்தப் பெயரில் கிடைக்கும், கூலி சொந்தக் கைக்கு வரும். அண்ணி சொல்லி முடித்ததும் பெண்கள் பக்கம் கைதட்டல் அடங்கவே இல்லை. ஆண்கள் பக்கம்? கப்சிப்.

மறுநாள் நெசவாளர் சங்கத் தலைவர் முருகேசன் ஆரம்பித்தார். "அவரு எங்க அப்படி சொன்னாரு? டீச்சரம்மா சொந்த சரக்க சேத்துகினு பேசிட்டாங்க."

ஊர் 'கப்'பென்று பிடித்துக்கொண்டது. அண்ணிக்குப் பட்டப்பெயரே 'சொந்தச் சரக்கு' என்றாகிவிட்டது. உறுப்பினராகச் சேர்க்கச் சொல்லிப் போன பெண்களுக்கெல்லாம் இதே பதில்தான். பேப்பரில் வரவில்லையா என்பீர்கள். வந்ததே — தலைவருக்கு மாலை போட்ட படமும், கூட்டம் சிறப்பாக நடந்தது என்ற செய்தியும்!

வருஷங்கள் ஓடின. அந்தத் தலைவரின் உரைகள், கடிதங்கள், கோப்புகள் எல்லாவற்றையும் டெல்லியில் ஒரு காப்பகத்தில் மக்கள் பார்வைக்கு வைத்திருக்கிறார்கள் என்று இந்தப் பத்திரிகைப் பத்தியில் போகிற போக்கில் எழுதியிருந்தேன். உடனே ஆரணியிலிருந்து ட்ரங்க் கால்.

"தம்பி, யாரு வேணா பாக்கலாமா? நான் பாக்கலாமா?"

அரசாங்கச் சலுகையில் டிக்கெட் போட்டு அண்ணனும் அண்ணியும் கிளம்பிவிட்டார்கள். துணைக்கு நான். அண்ணன் தாஜ்மகாலுக்கு பஸ் ஏறினார். நாங்கள் காப்பகத்துக்கு.

கண்ணாடி போட்ட இளம் அதிகாரி ஒருத்தி பொறுமையாகக் கார்டுகளைப் புரட்டினாள். ஆரணியை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோமே, அத்தனை விதத்திலும் தேடினாள். இல்லை. "மேடம், அங்கே அவர் பேசியதாகவே பதிவில்லை."

அண்ணியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை எனக்கு. "வாங்க அண்ணி, குதுப்மினாராவது பாக்கலாம்" என்றேன்.

"பேஜார் பண்ணாத தம்பி. அவரு பேசறச்சே பக்கத்துல நின்னவ நான்!"

அந்தச் சுற்றுப்பயணத்தின் நிகழ்ச்சி நிரலைக் கேட்டு வாங்கினார். காலை, வேலூர். மதியம், 'ஆர்மி'. மாலை, செய்யாறு.

அண்ணியின் விரல் நடுவில் நின்றது. "வேலூருக்கும் செய்யாறுக்கும் நடுவுல ஏது தம்பி ராணுவம்?"

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. ஊர்ப் பெயரின் கடைசியில் யாரோ 'ஒய்' போட்டு எழுதியிருக்கிறார்கள். டைப் அடித்த டெல்லிக்காரருக்கு 'ஆர்னி' என்று ஓர் ஊர் இருப்பது தெரியுமா? 'என்'னுக்கு ஒரு கால் கூடுதலாகப் போட்டு 'எம்' ஆக்கிவிட்டார். எங்கள் பட்டு நெசவாளர்களுக்கான உரை இத்தனை காலமும் டாங்கிக்கும் பீரங்கிக்கும் நடுவே உட்கார்ந்திருக்கிறது!

ராணுவ உரைகளின் கட்டு வந்தது. அண்ணி படித்தார். அந்த வரி இருந்தது... சொல்லுக்குச் சொல் இருந்தது! 'அமைதி காக்கவும்' என்ற பலகைக்குக் கீழேயே நான் துள்ளிக் குதித்தேன். அண்ணி குதிக்கவில்லை. அடுத்த வரியிலேயே நின்றுவிட்டார்.

'அவர்கள் சேர்க்காவிட்டால், நீங்களே ஒரு சங்கம் தொடங்குங்கள்.'

"இத நான் சொல்லவே இல்ல தம்பி. முருகேசன் முன்னால உக்காந்துகினு மொறச்சாரு. பயத்துல முழுங்கிட்டேன்."

கூட்டிச் சொன்னார் என்றுதானே ஊர் கேலி செய்தது? குறைத்தல்லவா சொல்லியிருக்கிறார்!

ஊர் திரும்பியதும் நெசவாளர் சங்கத்தின் பொதுக்கூட்டம். பெண்கள்தான் உறுப்பினரில்லையே... அதனால் வாசலில் நின்றபடியே அண்ணி, காப்பகத்தில் முத்திரை போட்டு வாங்கி வந்த நகலை உயர்த்திப் பிடித்தார்.

"சொந்த சரக்குன்னீங்களே... டெல்லி சரக்குங்க இது. முத்திரைய பாத்துக்குங்க. அன்னிக்கு ஒரு வரிய முழுங்கிட்டேன், அதையும் இன்னிக்கு சொல்லிடறேன்." சொன்னார். பள்ளிக்கூடக் குரலில், தெரு முனைவரை கேட்கும்படி.

முருகேசன் நெளிந்தார். "எப்பவோ பேசினதுங்க டீச்சரம்மா அது. ஜல்தியா முடிங்க, அஜெண்டா நெறைய கீது."

அண்ணிக்குப் பின்னால் நின்ற தறிக்காரி கன்னியம்மாள்தான் பதில் சொன்னாள். "நீங்க அஜெண்டாவ பாருங்க. நாங்க வேற சங்கம் பாத்துக்கறோம்." திரும்பி நடந்தாள். அவள் பின்னால் வாசலில் இருந்த அத்தனை பெண்களும் நடந்தார்கள்.

புதுச் சங்கத்தைப் பதிவு செய்ய வேலூருக்கு அலைந்தது பெரிய கதை. அதை விடுங்கள், ஜெயித்தாயிற்று! பழைய பேச்சையெல்லாம் திறந்து வைத்தால் யார் வந்து படிக்கப் போகிறார்கள் என்று கேட்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: என் அண்ணி வருவார்.

காப்பகத்தில் கார்டைத் திருத்திவிட்டார்கள், கடிதமும் போட்டார்கள். ஆரணியில்தான் கதை பரவி வேறு மாதிரி ஆகிவிட்டது. போன வாரம் பஸ் ஸ்டாண்டில் இறங்கிப் பெண்கள் சங்கத்துக்கு வழி கேட்டேன். டீக்கடைக்காரர், "ஆர்மி ஆபீஸுங்களா? நேரா போங்க" என்கிறார்!

இதையும் திருத்தச் சொல்லலாமா என்று அண்ணியிடம் கேட்டேன்.

"டெல்லில இருந்ததுதான் தப்பு தம்பி. இது கரெக்ட்டு."