முதல் வரி

பெங்களூரு பக்கம் பொம்மசந்திராவில் ஒரு தையல் ஆலையில் லைன் லீடராக இருக்கிறேன். போன கோடையில் எக்ஸாஸ்ட் ஃபேன் கெட்டுப்போய், வெக்கையில் இரண்டு பெண்கள் மயங்கி விழுந்தார்கள். ஃபேனைச் சரிசெய்யச் சொல்லி நிர்வாகத்துக்கு நான்தான் மனு எழுதினேன். கையெழுத்துக்கு வரிசையாக எண் போட்டு, சாப்பாட்டு நேரத்தில் எல்லோரிடமும் பேசினேன். தலையாட்டினார்கள். மூன்று நாளாகியும் ஒருவரும் கையெழுத்துப் போடவில்லை.

சலித்துப்போய் பட்டன் மிஷின் மேரி அக்காவிடம் புலம்பினேன். "இவங்களுக்காக நான் மட்டும் ஏன்க்கா அலையணும்?"

அக்கா தாளை வாங்கிப் பார்த்தார். "இதுல உன் பேரு எங்கம்மா?"

"கடைசில போடலாம்னு இருந்தேன்க்கா."

முதல் பெயரைத்தான் ஆபீசுக்குக் கூப்பிடுவார்கள் என்பது இருவருக்குமே தெரியும். அக்கா முதல் வரியை விட்டுவிட்டு இரண்டாவதில் கையெழுத்துப் போட்டு, தாளைப் பக்கத்து மிஷினுக்குத் தள்ளினார்.

சாயங்காலம் தாள் நிரம்பித் திரும்பியது. முதல் வரி மட்டும் காலி. எல்லோரும் போன பிறகு அதில் என் பெயரை எழுதினேன்.

இப்போது ஃபேன் ஓடுகிறது. புதிதாகச் சேர்கிறவர்களிடம், "முதல் கையெழுத்து இவங்கதான் போட்டாங்க" என்று மேனேஜர் என்னைக் காட்டுகிறார். நான் இதுவரை ஒருமுறைகூட மறுத்ததில்லை. மேரி அக்காவும் மிஷினிலிருந்து தலையை நிமிர்த்துவதில்லை.