அலோர் காஜா பஸ்

காஜா பெராங் பகுதியிலிருந்த எங்கள் அஞ்சலகத்தில் கடிதங்களைப் பிரிப்பவர் தியாகு. 1957 மே மாதத்தில், அலோர் காஜா ரப்பர் தோட்டங்களுக்கான தபால் பை மூன்று முறை பத்தரை மணி பஸ்ஸைத் தவறவிட்டது. இன்னொரு முறை தவறினால் வெளியூரான ஜாசினுக்கு மாற்றல் என்று மேலதிகாரி மாணிக்கவாசகம் சொல்லிவிட்டார். தியாகுவின் மனைவிக்கு அது நிறைமாதம்.

தியாகு முதல் வாரம் அலோர் காஜா கடிதங்களைப் போடும் பெட்டியைக் கைக்கெட்டும் தட்டுக்கு இறக்கினார். அடுத்த வாரம் கட்டுக் கயிற்றைக் காலையிலேயே அளந்து நறுக்கி வைத்தார். ஐந்தாறு நிமிடம் மிஞ்சியது. ஆனால் தமிழில் முகவரி எழுதிய கடிதங்களை எல்லோரும் அவர் தலையில்தான் கட்டினோம். எனக்கும் தமிழ் தெரியும். தவறினால் பழி வருமே என்ற பயம்.

அந்த வெள்ளிக்கிழமை நாகப்பட்டினத்துக் கப்பல் தபால் வந்தது. மேசை நிறையத் தமிழ்க் கடிதங்கள். மணி பத்து பத்து. தியாகு குவியலை மூன்றாகப் பிரித்தார். ஒன்றை என் முன்னும், ஒன்றை மாணிக்கவாசகம் முன்னும் வைத்தார். நான் மேலிருந்த கடிதத்தை எடுத்தேன்.

"என்னய்யா இது?" என்றார் மாணிக்கவாசகம்.

"பஸ் போயிரும்லா, ஐயா. நீங்களும் தமிழ் படிச்சவங்கதானே?"

மாணிக்கவாசகம் அவரை முறைத்தார். பிறகு கண்ணாடியை மாட்டிக்கொண்டு படிக்கத் தொடங்கினார்.

பஸ் ஹார்ன் அடித்தபோது பை வாசலில் இருந்தது.

"இது தினமும் என் மேசைக்கு வருமா?" என்றார் மாணிக்கவாசகம்.

"சே, இல்ல ஐயா. கப்பல் வந்தா மட்டும்."